எல்லை திறக்கப்போகிறது என்கிறார்கள், கடை போடலாமா?

கேள்வி: எங்கள் சிற்றூர் நாட்டின் எல்லையை ஒட்டி இருக்கிறது. பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் எல்லைச் சாவடியைத் திறக்கப்போவதாகப் பேச்சு. என் சேமிப்பை வைத்து இங்கே மொத்த விற்பனைக் கடையும் கிடங்கும் தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம். ஆனால் எந்தச் சரக்கில், எவ்வளவு பணத்தை முடக்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு கடைக்குச் சுற்றுவட்டாரம்தான் பிழைப்பு. எல்லையை மூடினால் அந்த வட்டத்தில் பாதி போய்விடும். ஜெர்மனி பிரிந்திருந்த காலத்தை ஸ்டீபன் ரெட்டிங், டேனியல் ஸ்டர்ம் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். எல்லையிலிருந்து 75 கிலோமீட்டருக்குள் இருந்த மேற்கு ஜெர்மன் நகரங்களில் மக்கள்தொகை வளர்ச்சி, மற்ற நகரங்களைவிட ஆண்டுக்குச் சுமார் 0.75 சதவீதப் புள்ளி குறைந்தது. அடி அதிகம் விழுந்தது சிறிய நகரங்களுக்கு. பெரிய நகரத்தில் வாங்குவதற்கு உள்ளூரிலேயே ஆள் உண்டு, சிறியதில் இல்லை. அதனால் எல்லை திறந்தால் அதிகம் பயன்பெற வாய்ப்புள்ளதும் உங்கள் ஊர் போன்றவைதான். ஆனால் போன வாடிக்கை ஒரே வருடத்தில் திரும்பிவிடாது.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எல்லை இருப்பதாலேயே பிழைக்கும் தொழில்களும் உண்டு: சுங்க ஏஜென்டு, பணம் மாற்றுபவர், லாரி காத்துக்கிடக்கும் இடத்துச் சாப்பாட்டுக்கடை. 1993 தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் சுங்கச் சோதனையை நீக்கியபோது எல்லைச் சுங்க ஏஜென்டுகள் ஏராளமானோர் வேலை இழந்தார்கள். விலை வித்தியாசத்தை மட்டும் நம்பும் வியாபாரமும் இப்படித்தான். வரியோ நாணய மதிப்போ மாறினால் அடுத்த மாதமே கூட்டம் எதிர்ப்பக்கம் போய்விடும். அங்கே கிடைக்காத சரக்கு, பழுதுபார்ப்பு, மருத்துவம் போன்றவை நிலைக்கும்.

அப்புறம், எல்லை தாண்டி வருபவர்கள் இங்கே தங்குவார்களா என்று பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் செக் தொழிலாளர்கள் ஜெர்மன் எல்லைப் பகுதிகளுக்கு வேலைக்கு வந்துபோக அனுமதி கிடைத்தது, குடியேற அல்ல. உள்ளூர்க் கூலி கொஞ்சம்தான் குறைந்தது. ஆனால் உள்ளூர்க்காரர்களைப் புதிதாக வேலைக்கு எடுப்பது நன்றாகவே குறைந்தது. வந்தவர்களின் குடும்பச் செலவு பெரும்பாலும் எல்லைக்கு அப்பால்தான் நடந்திருக்கும். 1980இல் கியூபாவிலிருந்து குடியேற வந்தவர்களால் அமெரிக்காவின் மயாமி நகரத் தொழிலாளர் எண்ணிக்கை 7 சதவீதம் கூடியபோதோ, உள்ளூர்க் கூலியில் பாதிப்பே தெரியவில்லை என்று டேவிட் கார்டு என்ற பொருளியலாளர் கண்டார். அந்த முடிவு பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் குடியேறுபவர் வாடகை கொடுப்பார், அரிசி வாங்குவார். உங்கள் கடைக்கு அவர்தான் முக்கியம்.

சரி, என்ன செய்யலாம்? திறப்பது சரக்குக்கா, ஆட்களுக்கா, இரண்டுக்குமா என்று முதலில் விசாரியுங்கள். சரக்குக்கு மட்டும் என்றால் லாரிகள் உங்கள் ஊரில் நிற்காமலே பெரிய நகரத்துக்குப் போகலாம். முதல் இரண்டு வருடம் கிடங்கைக் கட்டாதீர்கள், வாடகைக்கு எடுங்கள். 2020 மார்ச்சில் மூடிய அமெரிக்க–கனடா தரை எல்லை, அத்தியாவசியமற்ற பயணங்களுக்கு ஓராண்டுக்கு மேல் திறக்கவில்லை. நட்பு நாடுகளுக்கே அப்படி. ஆகவே எல்லை மறுபடி மூடினாலும், உள்ளூர் வியாபாரத்தை வைத்தே வாடகை கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் இடம் பிடியுங்கள்.