கப்பலில் பாடகராக வேலை செய்தால் கரீபியன் தீவுகளைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் அரை நாள் அரை நாளாகத்தான். மேடை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இரவில் என்பதால், பகலில் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது பாடகர்களுக்கு ஓய்வு அதிகம். சமையலறை ஊழியர்கள் பொறாமைப்படுவதில் நியாயம் உண்டு.

ஆனால் அவசரநிலையைச் சமாளிக்க ஊழியர்களில் ஒரு பகுதியினர் முறைவைத்துக் கப்பலிலேயே தங்க வேண்டும். உங்கள் முறை வந்தால் நசாவு நகரை மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம். கிராண்ட் கேமனில் கப்பல் கடலிலேயே நங்கூரமிடும். கரைக்குப் படகில்தான் போக வேண்டும், பயணிகள் இறங்கும்வரை காத்திருப்பீர்கள். சிண்ட் மார்ட்டினில் மாஹோ கடற்கரையைத் தவறவிடாதீர்கள்: விமானங்கள் தலையை உரசுவதுபோல் தாழப் பறந்து இறங்கும்.

கைபேசியை நம்பாதீர்கள். அது தீவின் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். கப்பல் புறப்படுவதோ கப்பல் கடிகாரப்படி.