பில் போடும் கம்ப்யூட்டர் நின்றுவிடுமா?

கேள்வி: பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். 2006-ல் ஒருவர் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள்தான் இன்னும் ஓடுகிறது. ஜி.எஸ்.டி. வந்தபோது அவரே மாற்றிக் கொடுத்தார். இப்போது விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்கள். கடையை எப்படி நடத்துவது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பயப்படாதீர்கள் சகோதரி, நாளைக்கும் பில் வரும். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவில் இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் 2007-லேயே சொல்லிவிட்டது. 2015 ஜனவரி 13-ல் ஆதரவையும் நிறுத்தியது. அதற்கப்புறமும் உங்கள் கடையில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது!

விண்டோஸ் விஷயம் வேறு. 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு அதில் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை இலவசமாக அடைத்துத் தரும் வழக்கமான அப்டேட் இல்லை. வியாபாரக் கணினிக்குக் காசு கட்டி மூன்று வருஷம் வரை நீட்டிக்கலாம், ஆனால் வருஷத்துக்கு வருஷம் கட்டணம் இரட்டிப்பாகும். உங்களுக்கு அது வேண்டாம். பில் போடும் கணினியில் இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள், ஜி.எஸ்.டி. தாக்கலை வேறு கணினியில் செய்யுங்கள்.

எனக்குக் கவலை உங்கள் பழைய கணக்கைப் பற்றித்தான். முப்பது வருஷமாகக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுக்கிறேன். ஒரு மருந்துக் கடையில் இதே மாதிரி பழைய ஃபைல்களை எக்செலில் திறந்தேன். தொகையெல்லாம் சரியாக வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை, அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு. அதில் 'தமிழ்' என்ற சொல்லே உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் பதிவாகும். இன்றைய கணினிகளின் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றக் கருவி உண்டு. ஆனால் பாதிப் பெயரை ஆங்கிலத்திலும் அடித்திருந்தார்கள், மாற்றியதும் அவை உருக்குலைந்துவிட்டன. எது எந்த எழுத்தில் இருந்தது என்று சொல்ல, அடித்த கணக்குப்பிள்ளை உயிரோடு இல்லை. கடைக்காரப் பெரியவர் என் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, பாக்கித் தொகையை வைத்தே ஆளை அடையாளம் சொன்னார். "இந்த நானூற்று எண்பது ரூபாய், தெருக்கோடி டீச்சர் வீடு" என்பார். எல்லாருக்கும் அப்படி ஞாபகம் இருக்காது அம்மா.

அதனால், எழுதிக் கொடுத்தவரை இந்த வாரமே கடைக்கு வரவழையுங்கள். எந்த ஃபைலில் என்ன இருக்கிறது, எந்த எழுத்துரு என்று அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். உங்கள் கணக்கு பதிவாகியிருக்கும் டி.பி.எஃப். ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

இதெல்லாம் முடிந்தபின் புது மென்பொருளுக்கு மாறலாம், அதை ஏப்ரல் 1-ல் தொடங்குங்கள். ஆரம்ப இருப்பையும் பாக்கியையும் ஏற்றினால் போதும். பழைய கணினியை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆண்டுக் கணக்கறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். அதுவரை மாதம் ஒருமுறை அதை ஆன் செய்து, பழைய பில் ஒன்றைத் திறந்து பாருங்கள்.