பால் மறந்த குழந்தை

கேள்வி: எனக்கு மூன்றரை வயதில் மகன், ஒன்றேமுக்கால் வயதில் மகள். கணவருக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. “பிள்ளை வளர்த்தாலே ஆண்டவரை நம்பத் தானாக வந்துவிடும்” என்று எங்கள் சபை அக்கா ஒருவர் சொன்னார். எனக்கோ களைப்பும் எரிச்சலும்தான் வருகின்றன. ஜெபிக்க உட்கார்ந்தால், “இன்னும் எவ்வளவு நாள் ஆண்டவரே” என்று அழுகைதான் வருகிறது. என் விசுவாசம் போய்விட்டதா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அன்புச் சகோதரி, போகவில்லை.

முதலில் களைப்பு. வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், செத்துவிடலாம் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கியவரைத் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். இரவில் இரண்டு பிள்ளைகளுக்காக மாறி மாறி எழும்புகிற உங்களிடம், “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்” என்று இப்போது யாரும் கேட்க வேண்டாம்.

அப்புறம் அந்த அழுகை. உங்கள் மகனைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பலர் அங்கன்வாடியில் சமர்த்தாக இருப்பார்கள். டீச்சர் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிடுவார்கள். வீட்டு வாசலில் அம்மாவைப் பார்த்ததும், வாழைப்பழம் இரண்டாக உடைந்துவிட்டது என்று தரையில் புரண்டு அழுவார்கள். இதை அடம் என்று நினைக்கிறோம். காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் எங்கே கொட்டினாலும் தன்னைத் தள்ளிவிட மாட்டார்களோ, அந்த இடத்தில் பிள்ளை கொட்டுகிறது. அம்மாமேல் நம்பிக்கை இல்லாத பிள்ளை அப்படி அழாது. 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் மட்டும் “எதுவரைக்கும்” என்று நான்கு தடவை கேட்கிறார் தாவீது. அதுவும் ஜெபம்தான். நீங்கள் அழுவதும் அதே ஜெபம்தான்.

உங்களுக்கு நான் கொடுக்க விரும்புவது 131ஆம் சங்கீதம். மூன்றே வசனம், பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே படித்துவிடலாம். அதில் தாவீது தன் ஆத்துமாவைப் பால் மறந்த குழந்தைக்கு ஒப்பிடுகிறார். மடியில் பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போகிற பச்சைக் குழந்தையை அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்து இஸ்ரவேலில் பிள்ளைகள் வெகுநாள் தாய்ப்பால் குடித்தார்கள். ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்தே வைத்தார். சாமுவேல் பால் மறந்த பிறகுதான் அவன் தாய் அன்னாள் அவனை சீலோவுக்குக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டாள். ஆக, தாவீது சொல்வது நடக்கத் தெரிந்த, வாய் திறந்து கேட்கத் தெரிந்த பிள்ளையை.

மகளுக்குப் பால்குடி மறக்கடிக்கும் நாள் உங்களுக்கும் வரும். ஒருவேளை ஏற்கெனவே தொடங்கியிருப்பீர்கள். மகனிடமே பார்த்திருப்பீர்களே. சிலர் வேப்பெண்ணெய் தடவுவார்கள். ஆசையாக வாய் வைத்த பிள்ளை, கசப்பில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு அம்மா முகத்தை நிமிர்ந்து பார்க்கும். நேற்று வரை தந்தவள் இன்று ஏன் தரவில்லை என்று அதற்கு எந்த மொழியிலும் விளக்க முடியாது. இரவெல்லாம் அழும், நைட்டியைப் பிடித்து இழுக்கும், அம்மாவை அடிக்கும். சில நாள் கழித்து அதே பிள்ளை தானாக வந்து மடியில் ஏறும். எதையும் தேடாது. கழுத்தைக் கட்டிக்கொண்டு சும்மா படுத்திருக்கும். கேட்டது கிடைக்கவில்லை, காரணமும் புரியவில்லை. ஆனாலும் அம்மா வேண்டும். பிள்ளை வளர்ப்பு விசுவாசத்தைப் பற்றிக் கற்றுத்தருவதில் இதைவிடப் பெரியது எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த அழுத நாட்களிலும் பிள்ளை உங்கள் மடியில்தான் இருந்தது என்பதையும் மறக்காதீர்கள்.

இதை வைத்து, உங்கள் கணவரின் வேலையைக் கடவுள்தான் பாடம் கற்பிக்கப் பிடுங்கினார் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அந்தச் சங்கீதம் அப்படிச் சொல்லவில்லை. காரணம் எதையும் அது விளக்கவே இல்லை.

எரிச்சல்படுகிற தாய்க்கு விசுவாசத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நினைக்கிறீர்களா? அப்பம் கேட்டால் கல்லைக் கொடுப்பீர்களா என்று இயேசு கேட்டது நம்மைப் போன்ற குறையுள்ள பெற்றோரிடம்தான். பொல்லாதவர்களாகிய நீங்களே நல்லதைக் கொடுக்கத் தெரிந்திருக்கும்போது பிதா எவ்வளவு அதிகம் கொடுப்பார் என்றார். எரிச்சலோடு எழுந்தாலும், இருமுகிற பிள்ளைக்கு வெந்நீர் வைக்கத்தானே எழுகிறீர்கள்?

சரி, இனி செய்ய வேண்டியவை. கணவர் வீட்டில் இருக்கிறார் அல்லவா, இரவில் பாதி நேரம் பிள்ளைகளை அவர் பார்க்கட்டும். எனக்கு எழுதியதை அவரிடமும் சொல்லுங்கள். அவரும் உள்ளுக்குள் நொறுங்கித்தான் இருப்பார். வீட்டுச் செலவுக்கு முடியவில்லை என்றால் போதகரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். தூக்கமே வராமல், எதிலும் மனம் ஒட்டாமல், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் உடனே மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416; இரவிலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அந்தச் சபை அக்காவிடமும் ஒன்று கேளுங்கள்: ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வைத்துக்கொள்ள முடியுமா என்று. அந்த நேரத்தில் துணி துவைக்காமல் தூங்குங்கள்.