பல்லைப் பிடுங்கியவுடன் இம்பிளான்ட் வைத்தால் எலும்பு தேயாதா?

பிடுங்கிய குழியிலேயே உடனடியாக இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்தால் தாடை எலும்பு குறையாது என்று சொல்வது உண்மையா எனக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இம்பிளான்ட் மட்டுமே அந்தத் தேய்மானத்தைத் தடுத்துவிடாது.

பல் குழியின் உட்புறத்தில் உள்ள மெல்லிய எலும்புப் படலம், பல்லையும் எலும்பையும் பிணைக்கும் நார்த்திசுவின் வழியாகவே பெருமளவு இரத்தம் பெறுகிறது. பல்லோடு அந்தத் திசுவும் போய்விடுவதால், படலம் சில வாரங்களிலேயே கரையத் தொடங்குகிறது. மேல் முன்பற்களின் உதட்டுப் பக்கச் சுவர் பெரும்பாலும் 1 மில்லிமீட்டரைவிட மெல்லியது. கிட்டத்தட்ட முழுவதும் இந்தப் படலமாகவே இருக்கும் அச்சுவர் கரையும்போது அதன் விளிம்பு மேலேறுகிறது, ஈறும் கூடவே ஏறுகிறது, புதிய பல் பக்கத்துப் பல்லைவிட நீளமாகத் தெரிகிறது.

அதே காலத்தில், இம்பிளான்டுக்கும் சுவருக்கும் இடையே உறைந்த இரத்தம் மெல்லப் புது எலும்பாக மாறுகிறது. அதாவது உள்ளே நிரம்புகிறது, வெளியே குறைகிறது. ஆகவேதான் இம்பிளான்டைச் சற்று அண்ணப் பக்கமாக நிறுத்தி, முன்புறம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் மெதுவாகக் கரையும் எலும்புத் துகள்களை நிரப்புகிறார்கள். இது இழப்பைக் குறைக்கும், முற்றிலும் நிறுத்தாது. பிடுங்குவதற்கு முன்பே முப்பரிமாண ஸ்கேனில் அந்த முன்சுவர் முழுமையாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். சுவர் உடைந்திருந்தால், சில வாரங்கள் பொறுத்து வைப்பதே பெரும்பாலும் நல்லது.