படுத்தாள், படுத்தினாள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். பேத்தி கிரேட் 9 படிக்கிறாள். வரலாற்றுப் பாடத்துக்காகத் தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றி இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதினாள். அந்தப் பெண் நோயில் கிடந்ததை 'ஷி லெய்ட் இன் பெட்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் 'லெய்ட்'டை அடித்துவிட்டு மேலே 'லே' என்று போட்டிருக்கிறார். 'லே' நிகழ்காலம் இல்லையா? அதன் இறந்தகாலம் 'லெய்ட்' என்றுதானே அந்தக் காலத்தில் எங்களை ஒப்பிக்க வைத்தார்கள்? அடுத்த பக்கத்தில் 'ஷி வாஸ் லெய்ட் டு ரெஸ்ட்' என்று இருக்கிறது, அதை டீச்சர் தொடவே இல்லை. "அவங்களுக்கு அன்னிக்கு மூட் சரியில்லை பாட்டி" என்கிறாள் இவள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? இன்னொன்று, அட்டவணையில் 'லெய்ன்' என்று ஒன்று இருக்கிறதே, அதை யாராவது வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஒரு வாசகி

வணக்கம் அம்மா,

இரண்டு இடத்திலும் டீச்சர் செய்ததுதான் சரி. காரணத்தை ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். காரணம் தெரியாமல் திருத்திக்கொண்டால் அடுத்த கட்டுரையிலும் பிள்ளை அதே இடத்தில்தான் இடறும்.

நீங்கள் ஒப்பித்ததும் தவறில்லை. அங்கே இருப்பவை இரண்டு வினைகள். 'லை' என்றால் தானே கிடப்பது: லை, லே, லெய்ன். 'லே' என்றால் இன்னொன்றைக் கிடத்துவது, வைப்பது: லே, லெய்ட், லெய்ட். முதல் வினையின் இறந்தகாலமும் இரண்டாம் வினையின் நிகழ்காலமும் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன. உங்களுக்கு இரண்டாவது அட்டவணை மட்டும் மனதில் தங்கிவிட்டது. (பொய் சொல்வதற்கும் 'லை'தான். அதன் இறந்தகாலம் 'லைட்'. விளக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த மூன்றாவது ஆளைத் தயவுசெய்து இன்றைக்கு உள்ளே விடவேண்டாம்.)

இந்தச் சிக்கல் தமிழிலும் உண்டு, நாம்தான் கவனிப்பதில்லை. 'பாட்டி படுத்தாள்.' 'பேத்தி பாட்டியைப் பாடாய்ப் படுத்தினாள்.' இந்த இரண்டையும் உங்கள் வீட்டில் யாரும் மாற்றிப் புரிந்துகொள்ள மாட்டார்கள். ஆனால் 'படுத்து எழுந்தாள்' என்பதிலும் 'என்னைப் படுத்தாதே' என்பதிலும் வரும் 'படுத்து' எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். முன்னது தன்வினை, நடந்து முடிந்தது. பின்னது பிறவினையின் வேர். கிட என்றால் கிடத்து, நட என்றால் நடத்து, உருள் என்றால் உருட்டு என்று யாரும் சொல்லித்தராமலே நமக்கு வந்துவிடுகிறது. இங்கிலீஷும் ஒரு காலத்தில் இப்படித் தாராளமாகச் செய்த மொழிதான். ஜெர்மானிய மொழிகள் ஒன்றாக இருந்த பழங்காலத்தில், தன்வினையின் இறந்தகாலத்தில் வரும் உயிரெழுத்தை எடுத்து, பின்னால் ஒரு விகுதி சேர்த்துப் பிறவினை உண்டாக்கினார்கள். 'லை'யிலிருந்து 'லே' பிறந்தது அப்படித்தான். ஆகவே இரண்டுக்கும் உள்ள முகச்சாயல் தற்செயலாக வந்ததில்லை. உட்காரும் 'சிட்'டுக்கு உட்கார்த்தும் 'செட்', விழும் 'ஃபால்'க்கு மரத்தை வீழ்த்தும் 'ஃபெல்' எல்லாம் அதே குடும்பம். விகுதி தேய்ந்து மறைந்த பிறகு, பிள்ளைகள் மனப்பாடம் செய்வதற்கு இந்தச் சில ஜோடிகள் மட்டும் மிஞ்சின.

சரியாகச் சொன்னால் ஒழுங்கு மீறிய வினை 'லை' ஒன்றுதான். அது உள்ளே உயிரெழுத்தை மாற்றிக்கொள்கிறது. 'லெய்ட்' வழக்கமான 'ட்' விகுதி பெற்ற சாதாரண இறந்தகாலம். பே, பெய்ட் போல எழுத்துக்கூட்டுதான் கொஞ்சம் வேறு.

பேத்தி எடுத்துக்கொண்ட பெண்ணின் கதையிலேயே எல்லா உருவத்துக்கும் இடம் இருக்கிறது. 1913 டிசம்பரில், காந்தியின் சத்தியாகிரகப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக மூன்று மாதக் கடுங்காவல் பெற்று வள்ளியம்மை பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனார். அங்கே காய்ச்சல் கண்டது. வெளியே வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை, படுக்கையில் கிடந்தார்: இங்கே 'லே'. அவரே கிடந்தார், யாரும் கிடத்தவில்லை. 1914 பிப்ரவரி 22இல், பதினாறு வயதில் இறந்தார். ஜோஹன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டைனில் அடக்கம் செய்தார்கள்: இங்கே 'லெய்ட்', ஏனென்றால் செய்தவர்கள் வேறு, செய்யப்பட்டவர் வேறு. 'வாஸ்' சேர்ந்து வாக்கியம் செயப்பாட்டுவினையாக மாறினாலும் 'லெய்ட்' அப்படியே இருக்கும். டீச்சர் தொடாததற்குக் காரணம் இதுதான், மூட் இல்லை. அந்த ஜூலையில், நாட்டைவிட்டுக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, காந்தி அங்கே, அதே போராட்டத்தில் சிறை சென்று உயிரிழந்த நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் நினைவுக் கற்களைத் திறந்துவைத்தார். பிறகு நெடுங்காலம் அந்த இடம் கவனிப்பாரற்றுக் கிடந்தது: மறுபடியும் 'லே'. 1997இல்தான் சீரமைத்து மரியாதை செய்தார்கள். அதே இடுகாட்டில் இருக்கும் ஈனோக் சொன்டோங்காவுக்கும் இதே கதி. இன்றைய தேசிய கீதத்தில் ஒரு பகுதி அவர் இயற்றியது. அவருடைய கல்லறை இருக்குமிடம் தெரியாமலே கிடந்து, 1996இல் மண்டேலா நினைவுச்சின்னம் திறந்துவைத்தார். பேத்தி இதையும் ஒரு வரி சேர்க்கலாம். டீச்சருக்குப் பிடிக்கும்.

ஆக, அட்டவணையை ஒப்பிக்க விடாதீர்கள். 'எதை?' என்று கேட்கச் சொல்லுங்கள். எதை வைத்தாள், எதைக் கிடத்தினாள் என்று கேட்டுப் பதில் வந்தால் 'லெய்ட்'. பதில் வராவிட்டால் 'லே'. படுக்கையில் கிடந்தவளிடம் போய் 'எதை?' என்று கேட்க முடியாதே.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. பள்ளியில் ஆஃப்ரிகான்ஸ் படித்தால் அங்கே கிடப்பதற்கும் முட்டையிடுவதற்கும் ஒரே 'லே'தான், இறந்தகாலமும் ஒன்றேதான். டச்சில் தனித்தனியாக இருந்த இரண்டு வினைகளை ஆஃப்ரிகான்ஸ் ஒன்றாக்கிக்கொண்டது. ஸூலு நம் கட்சி: 'லாலா' என்றால் படு, தூங்கு. 'லாலிசா' என்றால் தூங்கவை.

வீட்டில் 'கோ அண்ட் லே டவுன்' என்று சொல்வதை நிறுத்தவேண்டுமா என்றால், வேண்டாம். பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலீஷ்காரர்கள் அப்படித்தான் பேசிவருகிறார்கள். இலக்கணக்காரர்களுக்குக் கோபம் வந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். காய்ச்சலில் இருக்கும் பிள்ளையிடம் தன்வினை, பிறவினை பார்த்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. கட்டுரைத்தாள் வேறு விஷயம். அங்கே படிப்பவர் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்.

'லெய்ன்' பேச்சில் அநேகமாக ஒழிந்துவிட்டது. இங்கிலீஷே தாய்மொழியானவர்கள்கூட அந்த இடம் வந்ததும் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். 'ஷி ஹாஸ் லெய்ன் தேர் சின்ஸ் 1914' என்று எழுதினால் முழுக்கச் சரி. கூச்சமாக இருந்தால் 'ஷி ஹாஸ் பீன் லையிங் தேர்' என்று எழுதட்டும், யாரும் மார்க் குறைக்க முடியாது. 'லேயிங்' என்று மட்டும் எழுதிவிடவேண்டாம். அப்புறம் டீச்சர் 'எதை?' என்று கேட்பார்.