முகம் வேண்டாம், சாடி செய்யுங்கள்

அம்மா போன பிறகு எதிலும் மனம் ஒட்டவில்லை. களிமண் வாங்கி அம்மாவின் முகத்தைச் செய்து பார்த்தேன். யாரோ போல் வந்தது. காய்ந்ததும் வெடிப்பும் விட்டுவிட்டது. பானை வனையும் திருகையும் இல்லை. எனக்கு இது வருமா, மேடம்?
- வாசகி, காரைக்குடி

வரும். முகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சாயல் பிடிப்பது சிற்பிகளுக்கே சிரமம். மூக்கையும் தாடையையும் சரிசெய்வதிலேயே பொழுது போய்விடும், அம்மா நினைவு ஓரமாக ஒதுங்கிவிடும். அம்மா தினமும் தொட்ட ஒன்றைச் செய்யுங்கள். ஊறுகாய்ச் சாடியோ, கோலமாவுக் கிண்ணமோ. அதை எதிரில் வைத்துப் பார்க்க வேண்டாம், நினைவிலிருந்தே செய்யுங்கள். வாய் அகலமாக நினைவிருந்தால் அகலமாகவே வரட்டும்.

திருகை எதற்கு? உங்கள் பக்கத்து அய்யனார் கோயில் குதிரைகளைப் பாருங்கள். மண்பாண்டம் செய்யும் வேளார்கள் அவற்றின் உடம்பை உள்ளே கூடாக விட்டு, கையாலேயே மண்ணை ஏற்றி எழுப்புகிறார்கள். பிள்ளைக்கு உடம்பு தேறினால் மண்ணில் பிள்ளை உருவாரம் செய்து வைக்கிறோமே, அதில் யாராவது சாயல் பார்க்கிறார்களா?

மண்ணைச் சுண்டுவிரல் கனத்துக்குத் திரியாக உருட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி, உள்பக்கம் கட்டைவிரலால் இழுத்து ஒட்டுங்கள். வெளியே விரல்தடம் இருக்கட்டும். என் வகுப்புக்கு வருபவர்களிடம் நான் முதலில் பிடுங்குவது ஸ்பாஞ்சைத்தான்! வழித்து வழவழப்பாக்கிவிட்டால் அன்றைக்குக் கை எப்படி அழுத்தியது என்பதே அழிந்துபோகும். கோபமான நாளில் செய்ததில் குழி ஆழமாக இருக்கும், நீங்களே பாருங்கள்.

அப்புறம், வெடிப்பு. ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிவு என்றிருந்தால் மெல்லிய பக்கம் முந்திக் காய்ந்து சுருங்கும். அங்கே கீறல் விழும். எங்கும் ஒரே கனமாக, அரை அங்குலத்துக்குள் வையுங்கள். காது, கைப்பிடி ஒட்டும்போது இரண்டு பக்கமும் கீறி, மண்கூழ் தடவி அழுத்துங்கள். பாலிதீன் உறையைத் தளர்வாகப் போட்டு நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு சூளைக்குப் போனால் நீராவி கிளம்பி உடைத்துவிடும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. பக்கத்துக் குயவரிடம் கேட்டால் அவர் சூளையிலேயே சேர்த்துச் சுட்டுத் தருவார்.

கையால் செய்து சுட்ட மண்சாடியில் உப்பு வைக்கலாமா?
- வாசகர், மதுரை

கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேல்பூச்சு, பூசாத சாடியில் வேண்டாம். உப்பு ஈரத்தோடு மண்ணுக்குள் இறங்கி, வெளியே வெள்ளையாகப் பூக்கும். நாளடைவில் மேல்பரப்பு உதிரும். மிளகாய் வற்றல் போட்டுவையுங்கள்.