சென்னை–சிங்கப்பூர் விமானம்: நாலரை மணி நேரமா, ஏழு மணி நேரமா?

கேள்வி: தஞ்சாவூரில் வசிக்கும் என் தாயார் முதன்முறையாகத் தனியே சிங்கப்பூருக்கு வருகிறார். நாங்கள் பார்த்து வைத்திருக்கும் விமானம் சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பட்டுக் காலை 6.10க்கு இங்கே சேர்கிறது. தொலைவு 2,900 என்று ஓரிடத்திலும் 1,575 என்று வேறோரிடத்திலும் படித்தேன். உண்மையில் எவ்வளவு நேரம் பறக்க வேண்டும்?

பதில்: இரண்டு எண்களும் ஒரே தொலைவைத்தான் சொல்கின்றன. முதலாவது கிலோமீட்டர் கணக்கு. இரண்டாவது விமானத் துறையில் வழங்கும் கடல் மைல் கணக்கு. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

பயணச்சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுவதால், 6 மணி 55 நிமிடத்தில் அதைக் கழித்தால் கிடைக்கும் 4 மணி 25 நிமிடமே பயண நேரம். (1981 இறுதிவரை இந்த வேறுபாடு இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது, 1982 பிறந்தபோது அங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தினார்கள்.) விமானம் சேரும்போது தாயாரின் கைக்கடிகாரம் 3.40 என்று காட்டும். சிங்கப்பூரில் சூரியன் உதிக்க ஏறக்குறைய ஏழு மணியாகும் என்பதால் வெளியே இருட்டாகவும் இருக்கும். தவறான நேரத்தில் வந்து இறங்கிவிட்டோமோ என்று அவர் கலங்காதிருக்க, இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அந்த 4 மணி 25 நிமிடம் முழுவதும் வானில் கழிவதில்லை. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வது முதல், சேருமிடத்தில் வந்து நிற்பது வரை உள்ள நேரத்தையே நிறுவனங்கள் கணக்கிடுகின்றன. ஓடுபாதைக்குச் செல்வதும் அங்கே முறைக்குக் காத்திருப்பதும் அதில் அடங்கும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால், 2,900ஐ மணிக்கு 850 என்று வகுத்துப் பார்ப்பவர்களுக்கு விடை எப்போதும் குறைவாகவே வரும். வங்கக்கடலைக் கடந்து, கிரேட் நிகோபார் தீவின் பக்கமாக மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்லும் இவ்வழியில் இடிமேகங்கள் திரண்டால் விமானிகள் விலகிச் சுற்றிச் செல்வார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசினாலும், தென்னிந்தியாவின் மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்தே பலத்த காற்று வீசுகிறது. அம்மாதங்களில் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது துணைக்காற்று.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வருபவருக்குச் சென்னை சரியான புறப்பாட்டு இடமன்று என்பது என் கருத்து. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உள்ளன. வான்வழித் தொலைவு அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான் அதிகம். பறக்கும் நேரத்தில் அது ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குச் சாலைவழியே 300 கிலோமீட்டருக்கும் மேல் ஆகும். திருச்சிக்கோ ஏறத்தாழ 60தான். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டியவர், பகல் முழுவதும் காரில் களைத்த பிறகு இரவு விமானத்தில் ஏறுவதைவிட, மாலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது அவர் வயதுக்கு மிகவும் நல்லது. பயணச்சீட்டு இன்னும் வாங்கவில்லையென்றால், திருச்சி விமானங்களின் நேரத்தை முதலில் பாருங்கள்.